பழைய லாரியின் டீசல் கேஜ்: மீட்டரை மாற்றும் முன்

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவுக்குச் சரக்கு கொண்டுவரும் லாரிக்காரர்களில் பெரும்பாலோர் களியக்காவிளைக்கு அந்தப் பக்கமே டேங்கை நிரப்பிக்கொண்டு வருகிறார்கள். கேரளத்தில் டீசல் விலை தமிழ்நாட்டைவிடக் கூடுதல். 2023 ஏப்ரலிலிருந்து லிட்டருக்கு 2 ரூபாய் சமூகப் பாதுகாப்பு செஸ்ஸும் அதோடு சேர்ந்துகொண்டது. ஆகவே எல்லை தாண்டுமுன் நிரப்புவது, சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பி எல்லை தாண்டியபின் மறுபடி நிரப்புவது என்று ஒரு கணக்கு ஓடுகிறது. அந்தக் கணக்கு முழுவதும் டாஷ்போர்டில் இருக்கும் ஒரு சின்ன முள்ளை நம்பித்தான். முள் கோளாறானால் பாலராமபுரத்துக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில், விடிகாலை மூன்று மணிக்கு, வண்டி இருமிக்கொண்டு நின்றுவிடும்.

பாவூர்சத்திரத்திலிருந்து காய்கறி ஏற்றிவரும் ஒரு வண்டியின் உரிமையாளர் கேட்ட கேள்வி இது: “என்னிடம் இருப்பது பழைய 407. இரண்டு மாதமாக டீசல் முள் காலியிலேயே கிடக்கிறது. எப்போதாவது குழியில் விழுந்து எழும்பும்போது பாதிக்கு ஏறும், மறுபடி படுத்துவிடும். மெக்கானிக் சொன்னார் என்று புது மீட்டர் போட்டேன். அதுவும் அப்படியே. இதற்கிடையில் டீசல் கணக்கும் உதைக்கிறது. டிரைவர் மேல் சந்தேகமாக இருக்கிறது. என்ன செய்வது?”

ஐயா, முதலில் டிரைவரை விட்டுவிடுங்கள். டீசல் கணக்கு தனியாகப் பார்க்க வேண்டியது. கெட்டுப்போன கேஜை அதற்குச் சாட்சியாக வைக்க முடியாது. சில வருடங்களுக்கு முன் இதே சந்தேகத்தோடு ஒரு முதலாளி என் பட்டறைக்கு வந்தார். நிரப்பிய மறுநாளே முள் கால் பங்குக்கு இறங்கிவிடுகிறது என்று டிரைவரின் பேட்டாவில் பிடித்துக்கொண்டிருந்தார். டேங்கைத் திறந்து மிதவையை வெளியே எடுத்துக் காதருகே ஆட்டினேன். முற்றிய தேங்காயை ஆட்டினால் கேட்குமே, அந்தச் சத்தம். பித்தளை மிதவையில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்து, உள்ளே டீசல் புகுந்திருந்தது. மிதக்க வேண்டியது மூழ்கிக் கிடந்தது. பிடித்த பணத்தை அவர் திருப்பிக் கொடுத்தாரா என்று நான் கேட்கவில்லை.

இனி உங்கள் வண்டிக்கு வருவோம். பழைய லாரியின் டீசல் கேஜ் மிக எளிய ஏற்பாடு. டேங்கின் மேல்பக்கம் ஐந்தாறு திருகாணிகளால் பொருத்திய ஒரு வட்டத் தகடு இருக்கும். அதன் அடியில் ஒரு கம்பிக் கை, கை நுனியில் மிதவை. பட்டறையிலும் உதிரிபாகக் கடையிலும் இதை டேங்க் யூனிட் (டீசல் மட்டத்தை மின் அளவாக மாற்றும் பாகம்) என்பார்கள். சிலர் மொத்தத்தையுமே ஃப்ளோட் என்று சொல்வதும் உண்டு. டீசல் ஏறினால் மிதவை ஏறும். அப்போது கையின் மறுநுனி, மெல்லிய கம்பி சுற்றிய ஒரு பட்டையின் மேல் உரசியபடி நகரும். அதனால் மின்தடை (மின்சாரம் ஓடுவதற்கு ஏற்படும் எதிர்ப்பு, ஓம் என்ற அலகில் அளப்பது) மாறும். டாஷ்போர்டு மீட்டரிலிருந்து ஒரே ஒரு வயர் இந்த யூனிட்டுக்கு வருகிறது. அதன் வழியே வந்த மின்சாரம் யூனிட்டைக் கடந்து, டேங்க் தகடு, சேஸிஸ் என்று போய் பேட்டரிக்குத் திரும்புகிறது. இந்தத் திரும்பும் வழிக்குத்தான் எர்த் என்று பெயர்.

கேஜுக்கு டீசலைப் பற்றி எதுவும் தெரியாது. தன் வழியே எவ்வளவு மின்சாரம் போகிறது என்பதைத்தான் அது காட்டுகிறது. போகும் வயரில் கோளாறு என்றாலும், திரும்பும் எர்த்தில் கோளாறு என்றாலும், முள்ளுக்கு அது டீசல் குறைந்ததாகவோ கூடியதாகவோ தெரியும். என் அனுபவத்தில் கேஜ் புகாரோடு வரும் பழைய வண்டிகளில் மீட்டரே கெட்டிருப்பது குறைவு. ஆனால் மீட்டர் கண்ணெதிரே இருக்கிறது, உட்கார்ந்தபடி மாற்றலாம். டேங்க் யூனிட்டைப் பார்க்க வண்டிக்கு அடியில் போய்ச் சேற்றில் கை வைக்க வேண்டும். பலரும் முதலில் மீட்டரை மாற்றச் சொல்வதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

திருவனந்தபுரத்து வண்டிகளுக்கு எர்த் கோளாறு கூடுதலாக வருவதற்கு ஊரே ஒரு காரணம். இங்கே ஆண்டுக்கு இரண்டு மழைக்காலம். ஜூனில் தென்மேற்கு, அக்டோபரில் வடகிழக்கு. நடுவில் கிடைக்கும் வெயிலிலும் காற்றில் ஈரம் குறைவதில்லை. வலியதுறை, விழிஞ்ஞம் பக்கம் ஓடும் வண்டிகளுக்கு உப்புக்காற்று வேறு. மீன் ஏற்றும் வண்டிகளின் பாடு இன்னும் மோசம். பெட்டிகளிலிருந்து ஒழுகும் ஐஸ் தண்ணீரும் உப்பும் தளப்பலகை வழியாகச் சொட்டிச் சேஸிஸ் மேலும் டேங்க் மேலும் நேராக விழுகின்றன. வெளியே பார்த்தால் போல்ட் இறுக்கமாகத்தான் இருக்கும். கழற்றிப் பார்த்தால் போல்ட்டுக்கும் சேஸிஸுக்கும் நடுவில் சிவப்புத் துரு ஒரு படலமாகப் படிந்திருக்கும். ஹெட்லைட் அந்தத் துருவையும் மீறி எரிந்துவிடும். டேங்க் யூனிட் வழியே ஓடும் மின்சாரம் மிகக் கொஞ்சம். சின்னத் தடை வந்தாலும் முள் தப்பாகிவிடும்.

இன்னொரு காரணத்தைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள்: பெயின்ட். எட்டு வயது தாண்டிய சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. (தகுதிச் சான்று) எடுக்க வேண்டும். டெஸ்டுக்குப் போகுமுன் சேஸிஸையும் டேங்கையும் கறுப்பு பெயின்டால் அடித்துப் பளபளப்பாக்கிவிடுகிறோம். வேலை செய்யும் பையன் டேங்கைக் கழற்றிப் பெயின்ட் அடித்து, எர்த் வயரின் நுனியைப் பெயின்ட் மேலேயே வைத்து முடுக்கிவிடுவான். டேங்குக்கும் அதைத் தாங்கும் பட்டைக்கும் நடுவில் ரப்பரோ கேன்வாஸோ வைத்திருப்பதால் டேங்குக்கு வேறு எர்த் வழி கிடையாது. டெஸ்ட் பாஸாகும், கேஜ் ஃபெயிலாகும். “எஃப்.சி. எடுத்ததிலிருந்துதான் இப்படி” என்று யாராவது சொன்னால் நான் மல்டிமீட்டரை எடுப்பதற்கு முன் உப்புத்தாளைத்தான் எடுப்பேன்.

அறிகுறிகளைக் கவனித்தாலே பாதி வேலை முடியும். முள் நிரந்தரமாகக் காலியிலோ நிறைவிலோ ஒட்டிக்கொண்டிருந்தால் வயர் அறுந்திருக்கலாம், எங்காவது சேஸிஸில் உரசி எர்த் ஆகியிருக்கலாம், அல்லது மிதவை மூழ்கியிருக்கலாம். குழியில் விழும்போது முள் உயிர்பெற்று எழுந்தால் அது தளர்ந்த இணைப்பு. உங்கள் வண்டியின் கதை இதுதான் என்று நினைக்கிறேன். ஹெட்லைட் போட்டாலோ பிரேக் மிதித்தாலோ டீசல் முள்ளும் சேர்ந்து அசைந்தால் எர்த் பழுது என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லிவிடலாம். நிறைவிலிருந்து பாதி வரை ஒழுங்காக இறங்கி, பாதியில் திடீரென்று விழுந்து, பிறகு கால் பங்கில் மறுபடி தலைகாட்டினால் யூனிட்டின் உள்ளே இருக்கும் கம்பிப்பட்டை அந்த இடத்தில் தேய்ந்துபோயிருக்கிறது. ஒரே வழித்தடத்தில், ஒரே அளவு டீசலில் வருடக்கணக்காக ஓடும் வண்டிகளில் இந்தத் தேய்மானம் அதிகம். வாசற்படி நடுவில் மட்டும் தேய்வதில்லையா, அதுபோல.

டீசல் முள்ளோடு இன்ஜின் சூட்டைக் காட்டும் முள்ளும் சேர்ந்து தப்பாகக் காட்டினால் டேங்கைத் தொடவே வேண்டாம். இரண்டுக்கும் பொதுவான ஒன்று கெட்டிருக்கிறது. இரண்டு முள்ளும் செத்துக் கிடந்தால் முதலில் ஃப்யூஸ், பிறகு மீட்டர் பெட்டிக்கு வரும் வயர். இரண்டுமே வழக்கத்தைவிட மேலே நின்றால், சில பழைய வண்டிகளில் மீட்டர் பெட்டியின் பின்னால் இருக்கும் ஸ்டெபிலைசர் (பேட்டரி அழுத்தம் ஏறி இறங்கினாலும் மீட்டருக்கு ஒரே சீராகக் கொடுக்கும் சின்னப் பெட்டி) மீது சந்தேகப்படலாம். அதற்கும் தனி எர்த் உண்டு. அந்தத் திருகாணி தளர்ந்தாலே போதும், முழு அழுத்தமும் மீட்டருக்குப் போய்விடும்.

கோளாறு அல்லாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். பொன்முடி போகும் வழியில் 22 கொண்டை ஊசி வளைவுகள். அங்கே ஏறும்போது டேங்கில் உள்ள டீசல் ஒரு பக்கம் ஒதுங்கும், முள் தாறுமாறாகக் காட்டும். சமதளத்துக்கு வந்ததும் சரியானால் விட்டுவிடுங்கள். உருளை வடிவ டேங்கில் மட்டம் கால் பங்கு உயரத்துக்கு வரும்போது உள்ளே இருப்பது மொத்தக் கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. கடைசிக் கால் பங்கு சீக்கிரம் தீர்கிறது என்ற புகார் பல வண்டிகளில் டேங்கின் வடிவத்தால் வருவதுதான்.

இனி சோதனை. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். சாவியைப் போடுங்கள், ஸ்டார்ட் செய்ய வேண்டாம். டேங்க் யூனிட்டின் தலையில் செருகியிருக்கும் வயரைக் கழற்றுங்கள். இரண்டு வயர் இருந்தால் ஒன்று எர்த். பெரும்பாலும் கறுப்பு நிறம். டாஷ்போர்டுக்குப் போகும் வயரைக் கழற்றியதும் முள் ஒரு கோடிக்குப் போக வேண்டும். அது காலியா நிறைவா என்பது மீட்டரின் வகையைப் பொறுத்தது. பிறகு அந்த வயரின் நுனியைச் சேஸிஸில் சுத்தமான ஒரு இடத்தில் தொட்டால் முள் மறுகோடியை நோக்கி நகர வேண்டும். உதவிக்கு ஒருவரை கேபினில் உட்காரவைத்து முள்ளைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். வயரைச் சில நொடிகளுக்கு மேல் தொட்டபடி வைக்காதீர்கள். மெதுவாக நகரும் வகை மீட்டர்களில் உள்ளே சூடாகி வளையும் ஒரு தகடுதான் முள்ளைத் தள்ளுகிறது. நேராக எர்த் கொடுத்து வைத்திருந்தால் கருகிப்போகும். கழற்றுவதும் தொடுவதும் டேங்க் திறந்த நிலையில் வேண்டாம். இந்தச் சோதனை முடியும்வரை டேங்க் மூடியும் யூனிட்டும் மூடியே இருக்கட்டும், தீப்பொறி வரும்.

முள் இரு கோடிக்கும் போய்வந்தால் உங்கள் மீட்டரும் நன்று, வயரும் நன்று. பழுது டேங்க் யூனிட்டில், இல்லையென்றால் அதன் எர்த்தில். இரண்டில் எது என்று கண்டுபிடிக்க ஒரு துண்டு வயர் போதும். கழற்றிய வயரை மறுபடி செருகிவிட்டு, தனியாக ஒரு வயரின் ஒரு நுனியை யூனிட்டின் தகட்டிலும் மறு நுனியைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும் பிடியுங்கள். முள் எழுந்து சரியான அளவைக் காட்டினால் எர்த்தான் குற்றவாளி. எழவில்லை என்றால் மட்டும் யூனிட்டைக் கழற்றலாம். இரு கோடிக்கும் போகவில்லை என்றால் யூனிட்டை விட்டுவிட்டு வயரைப் பின்தொடர வேண்டும்: கேபின் தரைக்கு அடியில் வளையும் இடம், சேஸிஸ் கிளிப்புகள், முன்பு யாரோ வெட்டி ஒட்டி டேப் சுற்றிய இடங்கள். பழைய வண்டியில் இந்த டேப் சுற்றிய இடங்களை முதலில் பிரித்துப் பாருங்கள். நான் பார்த்தவற்றில் முறுக்கிவிட்ட செம்பு பச்சை பூத்துப் பொடியாகியிருந்தவை நிறைய.

எர்த் என்று தெரிந்தால் வைத்தியம் எளிது. பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டு, எர்த் வயரின் இரு நுனிகளையும் எடுத்து, அவை உட்காரும் இடத்தைப் பளிச்சென்று இரும்பு தெரியும்வரை உப்புத்தாளால் தேயுங்கள். பழைய வயரின் நுனி கறுத்திருந்தால் புது வயரே போடலாம். ஒரு டீயும் வடையும் சாப்பிடும் காசு ஆகாது. பல்வைத்த வாஷர் போட்டு முடுக்கி, முடுக்கிய பிறகு மேலே கிரீஸ் தடவுங்கள். முதலில் கிரீஸ் தடவிவிட்டு முடுக்கினால் பாதி வேலைதான் நடக்கும். மீன் வண்டியாக இருந்தால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை இதைச் செய்வது நல்லது.

யூனிட்டைக் கழற்ற வேண்டி வந்தால் டேங்கில் பாதிக்கும் குறைவாக டீசல் இருக்கும்போது, வெளியில், காற்றோட்டத்தில் கழற்றுங்கள். பேட்டரி இணைப்பு முன்பே எடுத்திருக்க வேண்டும். தகட்டைச் சுற்றியுள்ள மண்ணை முதலில் ஊதித் துடையுங்கள். இல்லையென்றால் அவ்வளவும் டேங்குக்குள் விழுந்து ஃபில்டரை அடைக்கும். தகடு எந்தத் திசையில் உட்கார்ந்திருந்தது என்று ஒரு கோடு கீறிவையுங்கள். வெளியே எடுத்ததும் மிதவையை ஆட்டிப் பாருங்கள். கம்பிக் கை வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து, ஒரு முனையை யூனிட்டின் வயர் செருகும் இடத்திலும் மறுமுனையைத் தகட்டிலும் பிடித்தபடி கையை அடியிலிருந்து மேலே மெதுவாகத் தூக்குங்கள். எண் படிப்படியாக ஏறவோ இறங்கவோ வேண்டும். நடுவில் தாவினாலோ காணாமல்போனாலோ பட்டை தேய்ந்துவிட்டது, புது யூனிட் வாங்குங்கள். தேய்ந்த பட்டையை உரசிச் சுத்தம் செய்தால் சில வாரம் ஓடும், பிறகு பழையபடியே.

வாங்கும்போதுதான் பலர் ஏமாறுகிறார்கள். எல்லா யூனிட்டும் எல்லா மீட்டருக்கும் பொருந்தாது. ஐரோப்பிய வழக்கில் ஒரு வகை காலியில் சுமார் 10 ஓம், நிறைவில் சுமார் 180 ஓம் காட்டும். அமெரிக்க வழக்கில் ஒரு வகை இதற்கு நேர் எதிர்: காலியில் 240, நிறைவில் 33. ஒன்றுக்குரிய மீட்டரில் மற்றதன் யூனிட்டைப் போட்டால் டேங்க் நிறைய நிறைய முள் இறங்கும். ஆகவே பழைய யூனிட்டைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். கையின் நீளம், திருகாணித் துளைகளின் இடம், ஓம் அளவு மூன்றும் ஒத்துப்போக வேண்டும். கடையிலேயே மல்டிமீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லலாம். நல்ல கடைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார். மீட்டர்தான் போய்விட்டது என்று சோதனையில் உறுதியானால் வோல்ட்டைக் கவனியுங்கள். 407 போன்ற சிறிய வண்டிகளில் 12 வோல்ட். பெரிய லாரிகள் பலவற்றில் இரண்டு பேட்டரிகளைத் தொடராக இணைத்து 24 வோல்ட். நீங்கள் போட்ட புது மீட்டரின் பின்புறம் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பொருத்தும்போது புது கேஸ்கெட் (கசிவைத் தடுக்கும் அட்டை வளையம்) போடுங்கள். சிலிகான் பசையை அள்ளிப் பூச வேண்டாம். உள்பக்கம் பிதுங்கிய பசை துணுக்குத் துணுக்காக உதிர்ந்து டீசல் குழாயில் போய் உட்காரும். பிறகு இன்ஜின் இழுக்கவில்லை என்று வேறு ஒரு மெக்கானிக்கிடம் நிற்க வேண்டியிருக்கும்.

செய்யக் கூடாதவை சில. டேங்குக்குள் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க லைட்டரையோ தீக்குச்சியையோ பற்றவைத்துப் பிடிப்பவர்களை இன்னும் பார்க்கிறேன். “டீசல்தானே, பெட்ரோலா பற்றுவதற்கு” என்பார்கள். ஐ.எஸ். 1460 தரத்தின்படி டீசலின் ஆவி தீப்பிடிக்கத் தொடங்கும் வெப்பநிலை குறைந்தது 35 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். அவ்வளவுதான் அந்தக் காப்பு. மார்ச் மாத வெயிலில் இங்கே காற்றே 33, 34 டிகிரியைத் தொடுகிறது. ஓடிவந்த வண்டியில் இன்ஜினிலிருந்து திரும்பும் சூடான டீசலும் டேங்கில்தான் விழுகிறது. தீ பற்றாமல் போன நாட்களை அதிர்ஷ்டக் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். ஓட்டை விழுந்த பித்தளை மிதவையை ஈயம் வைத்து அடைப்பதும் அதே ரகம். உள்ளே டீசல் மிச்சம் இருந்தால் சூடு பட்டதும் வெடிக்கும். புது மிதவையே போடுங்கள்.

ஃப்யூஸ் எரிந்த இடத்தில் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றிவைப்பது இன்னொரு குறுக்குவழி. ஃப்யூஸ் எரிந்ததற்குக் காரணம் எங்கோ ஒரு வயர் உரசுவது. வெள்ளித்தாள் எரியாது, வயர் எரியும், பிறகு கேபின். டாஷ்போர்டைத் தட்டினால் முள் எழும் என்பது உண்மைதான். தளர்ந்த இணைப்பு அதிர்ந்து ஒரு கணம் சேர்கிறது. அது நோயின் அறிகுறி, வைத்தியம் இல்லை. அளவு பார்க்கவோ டீசல் மாற்றவோ குழாய் வைத்து வாயால் உறிஞ்சுவதை அடியோடு நிறுத்துங்கள். டீசல் நுரையீரலுக்குள் போனால் கடுமையான அழற்சி வரும். தவறி விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்கவைக்காதீர்கள். வெளியே வரும்போதுதான் அது மூச்சுக்குழாயில் இறங்கும். நேராக மருத்துவமனைக்குப் போங்கள்.

கேஜ் சரியாகும்வரை வண்டியை நிறுத்திவைக்க முடியாது என்று எனக்குத் தெரியும். அதற்குப் பழைய டிரைவர்களின் வழி இருக்கிறது: குச்சி. டேங்கில் எட்டும் அளவுக்கு ஒரு நேரான அலுமினியப் பட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். மரக்குச்சி சிலும்பு விடும், மூங்கில் டீசலை உறிஞ்சி மட்டத்தை ஏற்றிக் காட்டும். டேங்க் கிட்டத்தட்டக் காலியாக இருக்கும் ஒரு நாளில் பெட்ரோல் பங்கில் வைத்து, பத்துப் பத்து லிட்டராக ஊற்றச் சொல்லி, ஒவ்வொரு முறையும் குச்சியை விட்டு நனைந்த இடத்தில் அரத்தால் ஒரு கீறல் போடுங்கள். பங்கில் முணுமுணுப்பார்கள்; கூட்டமில்லாத நேரமாகப் போங்கள். இந்தக் குச்சியை ஒருமுறை செய்துவிட்டால் வண்டி இருக்கும்வரை உதவும். கேஜைச் சரிசெய்த பிறகு அது உண்மையைக் காட்டுகிறதா என்று பார்க்கவும் இதுவே அளவுகோல். குச்சியைத் துடைத்து, பாலிதீன் உறையில் போட்டு வையுங்கள். மணல் ஒட்டிய குச்சியை டேங்கில் விட்டால் பம்புக்குத்தான் கேடு.

கூடவே ஒரு நோட்டுப் புத்தகம். டேங்கைக் கழுத்துவரை நிரப்பி கிலோமீட்டரைக் குறியுங்கள். அடுத்த முறையும் கழுத்துவரை நிரப்பி, ஊற்றிய லிட்டரால் ஓடிய கிலோமீட்டரை வகுத்தால் லிட்டருக்கு எவ்வளவு ஓடுகிறது என்று தெரிந்துவிடும். நான்கைந்து முறை எழுதினால் சுமையோடு ஒரு எண், சுமையில்லாமல் ஒரு எண் கிடைக்கும். உதாரணத்துக்கு லிட்டருக்கு 7 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், போகவர 130 கிலோமீட்டர் ஓட்டத்துக்கு 19 லிட்டர் போக வேண்டும். 20, 21 ஆனால் நெரிசல். தொடர்ந்து 27, 28 ஆனால் அப்போது டிரைவரிடம் பேசலாம். அதற்கும் முன் டீசல் குழாயில் கசிவு இருக்கிறதா என்று வண்டிக்கடியில் ஒருமுறை பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் வழியில் டீசல் தீர்ந்து நின்றுவிட்டால் செல்ஃப் மோட்டாரைத் திருகிக்கொண்டே இருக்காதீர்கள். குழாயில் காற்று புகுந்துவிட்டது; எவ்வளவு சுற்றினாலும் பேட்டரிதான் இறங்கும். பத்து லிட்டராவது ஊற்றுங்கள். பழைய வண்டிகளில் பம்பின் பக்கவாட்டில் கையால் அழுத்தும் குமிழ் இருக்கும். இந்தப் பம்புகளைச் செய்த, 1951-இல் தொடங்கிய மைக்கோ நிறுவனம் 2008-இல் பாஷ் என்று பெயர் மாறிவிட்டது. பட்டறையில் இன்னும் மைக்கோ பம்புதான். ஃபில்டரின் தலையில் உள்ள திருகாணியைச் சற்றுத் தளர்த்தி, குமிழை அழுத்திக்கொண்டே இருங்கள். முதலில் நுரை வரும், பிறகு குமிழி, பிறகு குமிழியில்லாத டீசல். அப்போது அழுத்தியபடியே திருகாணியை முடுக்கிவிடுங்கள். ஏர் எடுப்பது (குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றுவது) என்று இதற்குப் பெயர். பிறகு ஒவ்வொரு முறையும் பத்துப் பதினைந்து நொடிக்கு மேல் செல்ஃப் அடிக்காமல், நடுவில் ஒரு நிமிடம் விட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். காமன் ரெயில் முறையில் வந்த புதிய வண்டி வைத்திருப்பவர்கள் இந்த வேலையைத் தாங்களே செய்ய வேண்டாம். அந்தப் பம்ப் டீசலாலேயே வழவழப்பு பெறுகிறது. வறண்டு ஓடினால் உள்ளே உரசி உலோகத்தூள் உதிரும், இன்ஜெக்டர்வரை செலவு வைக்கும்.

ஐயா, உங்கள் 407-க்கு என் யூகம் இதுதான்: டேங்க் எர்த் நுனி, அல்லது யூனிட் தலையில் செருகும் இடம். குழியில் முள் எழுகிறது என்பதால் மீட்டர் உயிரோடு இருக்கிறது. பழைய மீட்டரைத் தூக்கி எறியாமல் இருந்தால் நல்லது, அதுவும் உயிரோடுதான் இருக்கும். அரை மணி நேர வேலை. அடுத்த முறை எஃப்.சி.க்காக வண்டியைப் பெயின்ட் அடிக்கக் கொடுக்கும்போது, டேங்க் எர்த் போல்ட்டின் மேல் மட்டும் ஒரு துண்டு டேப் ஒட்டிக் கொடுங்கள்.